சிங்கி இறால் பயணத்துக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
14.06.2025 பயணத்தில் வந்த வாடிக்கையாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
டைவிங் நிறுவனம், தென் கடற்கரை,
குவாசுலு-நட்டால்.

பொருள்: சட்டம் அனுமதிக்காத ஒன்றை அனுமதி உள்ளதாகச் சொல்லி விற்றது, பணத்தைத் திருப்பித் தர மறுப்பது தொடர்பாக.

ஐயா,

இது நான் உங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக அனுப்பினேன். பதில் இல்லை. உங்கள் விளம்பரம் எங்களுக்குத் தமிழில்தான் வந்தது. தொலைபேசியில் பேசியவரும் "வாங்கண்ணா, நம்ம ஆளுங்கதானே" என்று தமிழில்தான் பேசினார். அதனால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். மொழி புரியவில்லை என்று இந்த முறை சொல்ல முடியாது.

மே மாதக் கடைசியில் டர்பன் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன். "கரையிலிருந்து தள்ளி இருக்கும் பாறைத்திட்டில் ஸ்கூபாவோடு இறங்குங்கள், உங்கள் கையாலேயே சிங்கி இறால் பிடியுங்கள், கரைக்கு வந்து பிராய் போட்டுச் சாப்பிடுங்கள். பர்மிட் உட்பட ஆளுக்கு 1,850 ராண்ட்" என்று இருந்தது. பிராய் என்றால் இந்த ஊரில் நெருப்பில் சுட்டுச் சாப்பிடும் விருந்து. நான் தூத்துக்குடிக்காரன். என் அப்பா துறைமுகத்தில் சிங்கி வாங்கி ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குக் கொடுத்தவர். பத்து வருடமாக வேலைக்காக டர்பனில் இருக்கிறேன். சிங்கி என்ற சொல்லைப் பார்த்ததும் ஊர் நினைப்பு வந்து, அதிகம் யோசிக்காமல் இரண்டு பேருக்குப் பணம் கட்டிவிட்டேன். இரண்டாவது ஆள் என் மச்சினன். சாட்ஸ்வொர்த்திலேயே பிறந்து வளர்ந்தவன், அவனுக்கு அது கிரேஃபிஷ். எங்கள் இருவரிடமும் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பநிலை ஸ்கூபா சான்றிதழ் இருக்கிறது.

கட்டும் முன் ஒரு கேள்வி கேட்டேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். "சிலிண்டரோடு இறங்கி சிங்கி பிடிக்க இங்கே விடுவார்களா?" என்று கேட்டேன். உங்கள் ஆள் சொன்ன பதில்: "அதுக்குத்தானே அண்ணா பர்மிட் வாங்குறோம்."

ஜூன் 14, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்து சேர்ந்தோம். பர்மிட்டைக் காட்டச் சொன்னேன். ஆபீஸில் இருக்கிறது என்றார்கள். ரப்பர் படகை அலைக்குள் தள்ளும் நேரம், எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள், சரி என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

சிலிண்டர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றழுத்தம் 200 பார் இருக்க வேண்டிய இடத்தில் என் அளவி 150-ஐக் காட்டியது. கேட்டதற்கு "போதும், சின்ன டைவ்தான்" என்றார்கள். ஓப்பன் வாட்டர்காரருக்கு 18 மீட்டர்தான் எல்லை. எங்களை இறக்கியது 22 மீட்டரில். இவை தனியாக ஒரு புகாருக்குத் தகுதியானவை. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக அல்ல.

படகில் போகும்போது, அலிவால் ஷோலுக்குப் போகிறோமா என்று மச்சினன் ஆசையாகக் கேட்டான். உங்கள் படகோட்டி சிரித்துக்கொண்டே, "அது பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி, அங்கே ரோந்து வரும், நாம வேற திட்டுக்குப் போறோம்" என்றார். அந்தப் பதிலிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ரோந்துக்குப் பயப்படுகிறவரிடம் பர்மிட் எங்கிருந்து வரும்?

அப்புறம் நடந்ததைத்தான் விவரமாக எழுத வேண்டும். கீழே ஒரு பாறை விளிம்பு, அதன் அடியில் இருட்டு, அந்த இருட்டிலிருந்து நாலைந்து ஜோடி மீசைகள் வெளியே நீட்டி ஆடிக்கொண்டிருந்தன. பகலில் சிங்கி அப்படித்தான் பதுங்கியிருக்கும், இரவில்தான் இரைக்கு வெளியே வரும். உங்கள் வழிகாட்டி கம்பிக் கொக்கியை உள்ளே விட்டு ஒன்றை இழுத்தார். தடிமனான கையுறை போட்டிருந்தார், இல்லாவிட்டால் அதன் முட்கள் கையைக் கிழித்துவிடும். அது வாலைச் சடசடவென்று அடித்தது. அவர் அதைத் திருப்பிப் பிடித்தபோது என் டார்ச் வெளிச்சம் வால் அடிப்பக்கத்தில் விழுந்தது. அங்கே ஆரஞ்சு நிறத்தில், கேசரிக்குக் கிளறிய ரவையைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது சினை. நான் கையை ஆட்டி "வேண்டாம், விடுங்கள்" என்று காட்டினேன். அவர் எனக்கு ஓகே சைகை காட்டிவிட்டு, இடுப்பிலிருந்து நெகிழிப் பிரஷ் ஒன்றை எடுத்து, சினையைத் தேய்த்து எடுத்தார். பாத்திரம் தேய்க்கிற மாதிரி, நிதானமாக, ஓரம் விடாமல். முட்டைகள் புகைபோலக் கிளம்பி நீரோட்டத்தில் போயின. சின்ன மீன்கள் வந்து கொத்தின. பிரஷ்ஷைக் கயிறு போட்டு இடுப்பில் கட்டியிருந்தார். எனக்குப் பட்டது அதுதான், இது ஏதோ அன்றைக்கு மட்டும் செய்த காரியம் இல்லை.

என் அப்பா படிக்காதவர், லாபம் பார்த்த வியாபாரி. அவர்கூட சினைச் சிங்கியை எடை போட மாட்டார். கொண்டு வந்தவனைத் திட்டித் திருப்பி அனுப்புவார். 2003-இல் இந்திய அரசு இந்த இனத்துக்கு ஏற்றுமதியில் 200 கிராம் குறைந்தபட்ச எடை வைத்தபோது அவரும் முதலில் புலம்பினார், ஆனால் பிறகு தராசுத் தட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு 200 கிராம் படிக்கல்லை எடுத்து வைத்துக்கொண்டார். உங்கள் படகில் அளவுகோல் ஒன்றுகூட இல்லை.

மேலே வந்ததும் பிடித்த ஆறையும் ஐஸ் பெட்டியில் போட்டு, மேலே ஈரத் துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் எங்கள் வாட்டர் பாட்டில்களை அடுக்கினார்கள். கரை நெருங்கும்போது படகோட்டி சொன்னது இது: "யாராவது கேட்டா போட்டோ எடுக்கப் போனோம்னு சொல்லிடுங்க." என் மச்சினன் என் முகத்தைப் பார்த்தான். "மச்சான், நாம ஜெயிலுக்கா போறோம்?" என்று கேட்டான். அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் பிராய்க்கு நிற்காமல் கிளம்பினோம். செவ்வாய்க்கிழமை தபால் நிலையத்துக்குப் போய் நானே என் பெயருக்குப் பர்மிட் கேட்டேன். அது ஆளுக்கு ஆள் தனித்தனியாக, அடையாள அட்டையைக் காட்டி வாங்க வேண்டியது. ஒரு கம்பெனி மொத்தமாக வாங்கி வாடிக்கையாளருக்குப் பங்கு பிரிக்கும் சரக்கு இல்லை. அதன் நிபந்தனைகளை மூன்று முறை படித்தேன். இந்தக் கடற்கரையில் பருவம் மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு எட்டு. தலை ஓடு 65 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எடுக்கக் கூடாது. சினை இருந்தால் கடலிலேயே விட்டுவிட வேண்டும். பிடித்ததை விற்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்நோர்கல் என்ற மூச்சுக்குழாய் தவிர வேறு எந்தச் சுவாசக் கருவியோடும் பிடிக்கக் கூடாது. அதாவது மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி எடுக்கலாம், சிலிண்டரோடு எடுக்கக் கூடாது.

ஆக, நீங்கள் "பர்மிட் உட்பட" என்று விற்றதற்கு இந்த நாட்டில் பர்மிட்டே கிடையாது. ஜூன் மாதம் பருவம்தான், எட்டுக்குக் குறைவாகத்தான் பிடித்தீர்கள், அதெல்லாம் சரி. ஆனால் முதுகில் சிலிண்டர் இருந்தால் ஒன்றுகூடக் கூடாது. காரணம் புரிந்துகொள்ள பெரிய படிப்பு வேண்டியதில்லை. மூச்சுப் பிடித்து இறங்குகிறவனுக்கு எட்டாத ஆழத்தில் கொஞ்சம் சிங்கி தப்பிக்கும், முட்டை போடும். சிலிண்டர்காரன் முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பொந்து பொந்தாகத் துழாவுவான். வேடிக்கை என்னவென்றால் இந்தக் கிழக்குக் கடற்கரைச் சிங்கிக்குப் பிடித்த இடமே கரையோரம், அலை அடிக்கிற ஆழமில்லாத பாறைகள். சாட்ஸ்வொர்த்தில் என் மாமனார் வயதுக்காரர்கள் சிறு வயதில் ஒரு கண்ணாடியும் ஸ்நோர்கலும் போட்டுக்கொண்டு முறையாகப் பிடித்து வந்து கறி வைத்த கதைகளைச் சொல்வார்கள். அதற்கு உங்கள் படகும் வேண்டாம், 1,850 ராண்டும் வேண்டாம்.

நான் இங்கே வேலை விசாவில் இருப்பவன். அன்று கரையில் மீன்வளத் துறை அதிகாரி ஒருவர் நின்று அந்த ஐஸ் பெட்டியைத் திறந்திருந்தால், உங்கள் படகோட்டிக்கு அது ஒரு வழக்கு. எனக்கு அது வேலை, வீடு, மகளின் பள்ளிக்கூடம் எல்லாமே. இதை உங்கள் ஆளிடம் தொலைபேசியில் சொன்னபோது, "டென்ஷன் ஆகாதீங்கண்ணா, வேணும்னா ரெண்டு கிரேஃபிஷ் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "டைவ் பண்ணிட்டீங்களே, ரீஃபண்ட் கிடையாது" என்றார். நான் பணம் கட்டியது டைவுக்கு அல்ல, அனுமதியோடு சிங்கி பிடிக்கும் பயணத்துக்கு. அப்படி ஒன்றை உங்களால் தரவே முடியாது, அது உங்களுக்குத் தெரிந்தும் இருந்தது.

தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008, பிரிவு 41, பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தடை செய்கிறது. அதன்படி நான் கேட்பவை: இருவருக்கும் கட்டிய 3,700 ராண்ட் முழுவதும் என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், வவுச்சராக அல்ல. அந்தத் தமிழ் விளம்பரத்தைப் போட்ட குழுக்களிலிருந்து எடுத்துவிட்டு, ஸ்கூபாவோடு சிங்கி பிடிக்க அனுமதி இல்லை என்று அதே குழுக்களில் தமிழிலேயே எழுதிப் போட வேண்டும். அந்தக் குழுவில் புதிதாக டர்பன் வந்த பையன்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களும் வேலை விசாக்காரர்கள்தான்.

கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் அனுப்புவேன். சினையைப் பிரஷ் போட்டுத் தேய்த்தது பற்றிய புகார் அதற்காகக் காத்திருக்கவில்லை. அதை மீன்வளத் துறைக்கு நேற்றே அனுப்பிவிட்டேன், மச்சினனின் கேமராவில் பதிவான படத்தோடு சேர்த்து. இதை உங்களிடம் மறைக்க விரும்பாததால் சொல்கிறேன்.

இணைப்பு: விளம்பரத்தின் நகல், பணம் கட்டிய ரசீது, தபால் நிலையத்தில் நான் வாங்கிய பர்மிட்டின் நிபந்தனைகள்.

இப்படிக்கு,
14.06.2025 காலைப் படகில் வந்தவர்,
சாட்ஸ்வொர்த்.

பி.கு.: என் மச்சினனின் இடது காலுறை படகிலேயே தங்கிவிட்டது. அதை அனுப்பினால் நல்லது. கூட கிரேஃபிஷ் வேண்டாம்.