ஏற்காடு மலைச்சாலையில் கால் நுழைய ஒரு சந்து

சேலம்–ஏற்காடு மலைப்பாதையைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும், அந்தச் சரிவுக் காட்டைக் காக்கும் வன அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் கோரிமேட்டில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பேத்தியைப் பார்த்துக்கொள்ளக் கலிபோர்னியா போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே நடந்த ஒரு பாழடைந்த ரோட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு, நம் மலையில் ஆகவேண்டிய ஒரு சின்ன வேலையைக் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

சான்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே கடலை ஒட்டி நிற்கிறது மொன்டாரா மலை. உயரம் 580 மீட்டர்கூட இல்லை. நம் சேர்வராயன் கோயில் உச்சியில் பாதிக்கும் வராது. ஆனால் கடல் பக்கத்து மண் மகா மோசம். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த விளிம்பில் ரயில் விடப் பார்த்தார்கள். 1906 பூகம்பத்தில் தண்டவாளமும் தளவாடமும் கடலுக்குள் போயின. எப்படியோ சில வருடம் ஓட்டி, 1920 இல் கையைக் கழுவினார்கள். அந்தச் சமயத்திலேயே மலைமேல் வளைத்து வளைத்து ஒரு கார் ரோடும் போட்டிருந்தார்கள். 1937 இல் கடலோரமாகப் புது நெடுஞ்சாலை வந்ததும் அதுவும் அநாதையானது.

சரி, புதுசாவது ஒழுங்காக இருந்ததா என்றால், அது போன இடத்தின் பெயரே டெவில்ஸ் ஸ்லைடு, பிசாசுச் சரிவு! 1995 இல் சரிந்து ஐந்து மாதம் மூடிக் கிடந்தது. 2006 இல் மறுபடியும். மலையின் மேல் பக்கம் வெட்டிப் புறவழிச்சாலை போடுவதுதான் முதலில் இருந்த திட்டம். 1996 இல் அந்த மாவட்டத்து மக்கள் ஓட்டுப் போட்டு, மலையைக் குடைந்துகொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். 2013 இல் சுரங்கப்பாதை திறந்தது. விட்டுப்போன ரோட்டில் 2 கிலோமீட்டரை மறு வருடமே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

அந்த 2 கிலோமீட்டர் அழகாகத்தான் இருக்கிறது. தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள், கீழே பாறையில் கடல்பறவைகள் அடை அடையாக உட்கார்ந்திருக்கின்றன. எனக்கு என்னவோ, மேலே கிடக்கும் அந்தக் கிழட்டு ரோடுதான் பிடித்தது. மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனார். மண் ஒற்றையடிப் பாதை என்றுதான் நினைத்தேன். ஓர் இடத்தில் செருப்பால் மண்ணைத் தேய்த்தால் அடியில் தார்! பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் புல் முளைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் புதர் நெருக்கி, கார் போன ரோட்டில் இன்று இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் இடிக்கிறது. ஒரு செடியைத் தொடப்போன என் கையை மாப்பிள்ளை தட்டிவிட்டார். நம் காஞ்சொறியின் அமெரிக்கச் சித்தப்பா போலிருக்கிறது. மூன்று இலை, பட்டால் வாரக்கணக்கில் அரிக்குமாம்.

பெரிதாக யாரும் எதையும் கட்டவில்லை என்பதுதான் என் கண்ணில் பட்டது. மலையடியில் ஒரு இரும்புக் கேட். கார் நுழைய முடியாது. பக்கத்திலேயே ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து. அவ்வளவுதான் ஏற்பாடு.

இனி நம் ஊர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை உண்டு. வளைவை வெட்டிக்கொண்டு நேராக இறங்கும் குறுக்குப் பாதைகளுக்குத்தான் ஒரு பலகையும் கிடையாது. அதெல்லாம் மலை ஜனங்கள் நடந்து நடந்து போட்ட வழி. சில இடத்தில் பாறை, வழக்கமாகக் கால் வைக்கும் இடம் மட்டும் குழிந்து வழுவழுவென்று இருக்கும்.

சில மாதம் முன்பு அப்படி ஒரு வழி ரோட்டைத் தொடும் இடத்தில் நின்றிருந்தேன். என் வயது இருக்கும், ஓர் அம்மா தலையில் மூட்டையோடு மேலிருந்து இறங்கி வந்தார். ரோட்டைக் கடந்தார். எதிரே, வழி மறுபடி இறங்கும் இடத்தில் இடுப்புயர இரும்புத் தடுப்பு. மூட்டையை இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பிமேல் உட்கார்ந்தார், ஒரு காலை எடுத்துப் போட்டார், அப்புறம் இன்னொன்றை. “பஸ்ஸுல வரக்கூடாதா?” என்றேன். “பஸ்ஸு வர்ற நேரத்துக்கு நான் கீழ போயிருவேன்மா” என்றார்.

தடுப்பு வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியம் இல்லை. அது எத்தனை வண்டியைப் பள்ளத்தில் விழாமல் பிடித்திருக்குமோ. யார் வைத்தது என்று கேட்கவும் வரவில்லை. நடைவழி ரோட்டைச் சந்திக்கும் இடங்களில் மட்டும் இரண்டு கம்பித் துண்டை முன்பின்னாகத் தள்ளிப் பொருத்துங்கள். வண்டி போகாது, ஆள் போவார். மண் சரிந்தால் அள்ளுகிற மண்ணை அந்த வழியில் கொட்டாதீர்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்தப் பாதையில் மண் சரிந்து வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டார்களே, வண்டி இல்லாதவர்களுக்கு அந்த மாதிரி நாளில் கால்தானே கதி? நாளைக்கு ஏதாவது ஒரு வளைவை மாற்றிப் போட்டால், ஒதுங்கிப்போகும் பழைய துண்டையும் கொத்திப் போடாமல் நடக்க விட்டுவிடுங்கள்.

வன அலுவலர்களுக்கு ஒன்று. கோடையில் தீப் பிடிக்கும், காட்டெருமை உண்டு, கண்டவர்களும் பாட்டிலோடு நுழைவார்கள் என்ற உங்கள் கவலை நியாயமே. 2024 இல் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் சேலம் மாவட்டத்துக்கும் இடம் உண்டு. வழிகாட்டியோடு, கட்டணம் கட்டிப் போவது வெளியூர்க்காரர்களுக்குச் சரிதான். மூட்டை சுமந்து இறங்கும் அந்த அம்மா எந்த இணையதளத்தில் பதிவு செய்வார்? இப்படி நடந்து போய்வரும் உரிமையைப் பத்திரம் எழுதுபவர்கள் ‘வழிநடை பாத்தியம்’ என்று எழுதுவார்கள். 1882 வனச் சட்டத்திலேயே, காப்புக் காடாக அறிவிக்கும் முன்னால் அந்தப் பாத்தியத்தை விசாரித்து முடிவு செய்ய இடம் இருக்கிறது. இந்த மலையில் எந்தெந்த வழி அப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பழைய ஏட்டைப் புரட்டி, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டினால் போதும்.

எனக்குத் தெரிந்து ரோட்டைத் தொடும் வழிகளை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். படம் வரைவது பழைய தொழில், அதனால் புரியும்படியே இருக்கும். சனிக்கிழமை காலையில் ஆறரைக்கு அடிவாரம் சோதனைச்சாவடிப் பக்கம்தான் நடக்கிறேன். உங்களில் யாராவது ஜீப்பை அங்கே நிறுத்திவிட்டு என்னோடு ஏறி வந்தால், அந்தக் கம்பி இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கோரிமேட்டுக்காரி ஒருத்தி