சீசனுக்கும் சீசனுக்கும் நடுவே

அன்பு மகளுக்கு,

குளிர்காலச் சேற்றுப் பந்தயமான சைக்ளோ கிராஸ் சீசன் முடிந்த கையோடு, மலைப்பாதையில் ஓட்டும் மவுண்டன் பைக் பயிற்சி முகாமுக்குக் கிளம்புவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் கண்ணே. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை சேற்றில் உழன்றவள், ஒரு மாதமாவது சைக்கிளைத் தொடாமல் இரு.

உன் கடைசிப் பந்தயத்தை நேரலையில் பார்த்தேன். 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாத அந்த மெல்லிய டயர் வழுக்கியபோதும் நீ கலங்கவில்லை. மேட்டின் அடியில் வலது காலை இருக்கைக்கு மேலே வீசி இறங்கினாய். சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாய். பெருமையாக இருந்தது. ஆனால் உச்சியில் ஒரே தாவலில் ஏறிவிடுகிறவள், இரண்டு எட்டு கூடுதலாக ஓடித் தடுமாறித்தான் ஏறினாய். கடைசிச் சுற்றுகளிலெல்லாம் அப்படித்தான். காலையில் நாடித்துடிப்பு இறங்குவதில்லை, தூக்கமும் சரியில்லை என்று நீயே சொன்னாய். எனக்குப் பயமாக இருக்கிறது.

பிரிட்டிஷ் வீரர் டாம் பிட்காக் 2021-இல் காறை எலும்பு முறிந்த பிறகும் டோக்கியோ ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் தங்கம் வாங்கவில்லையா என்பாய். முறிந்த எலும்பு எக்ஸ்ரேயில் தெரியும், கூடினாலும் தெரியும். உள்ளே சேர்ந்த களைப்பு எதில் தெரியும்? நெதர்லாந்து வீராங்கனை மரியான் வோஸைப் பார். 2014-க்குள் சைக்ளோ கிராஸில் ஏழு உலகப் பட்டங்கள். காயமும் அளவு மீறிய பயிற்சியும் சேர்ந்து 2015 சீசனையே பறித்துக்கொண்டன. எட்டாவது பட்டம் வர 2022 ஆயிற்று. பிரெஞ்சு வீராங்கனை போலின் ஃபெராண்ட் பிரவோ 2015-இல் சாலை, சைக்ளோ கிராஸ், மவுண்டன் பைக் மூன்றிலும் ஒரே சமயத்தில் உலகச் சாம்பியன். மறு ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் பந்தயத்தைப் பாதியில் விட்டார். ஒலிம்பிக் தங்கம் 2024-இல்தான் கிடைத்தது. இருவருமே மீண்டு வந்தார்கள், ஆனால் எத்தனை வருடம் போனது!

குளிர்காலத்தில் சேறு அப்பினால், சைக்கிள் மாற்றிக்கொள்ளும் இடமான பிட்டில் கழுவிய சைக்கிள் காத்திருக்கும். மவுண்டன் பைக்கில் தொடங்கிய சைக்கிளிலேயே முடிக்க வேண்டும் என்பதால், பாறைகளுக்கு நடுவே அதைப் பொத்திப் பொத்திக் கொண்டுவருகிறாய். அந்தக் கவனத்தில் பாதியையாவது உன் உடம்பின் மேல் வை.

முதல் உலகக் கோப்பையை விட்டால் புள்ளி குறையும், புறப்படும்போது பின்வரிசையில் நிற்க நேரும், ஒற்றையடிப் பாதையில் முந்துவது சிரமம். எல்லாம் எனக்குத் தெரியும். போனால் போகட்டும்.

இந்த வாரமே பயிற்சியாளரிடம் பேசு, மருத்துவரையும் பார். அவர்கள் சொன்னதை மறைக்காமல் எனக்கு எழுது.

அம்மா