முரளியின் நெஞ்சு வலி

அன்புள்ள சேகர்,

பதில் போடாததற்கு இந்த முறை காரணம் சோம்பல் இல்லை. நீ நம்பப்போவதில்லை, சரி. நம் முரளிக்கு நெஞ்சு வலி. இப்போது தேறிவிட்டான், பழைய வாய்த்துடுக்கும் திரும்பிவிட்டது.

கேள், ஆஞ்சியோகிராமில், அதாவது இதயத் தமனிகளை எடுத்த எக்ஸ்ரே படத்தில், பெரிய அடைப்பு எதுவும் இல்லை. 'வாயுதான்' என்று ஒருவர் அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபம்! அடுத்துப் பார்த்த டாக்டர்தான் சரியாகப் பிடித்தார். இதயத் தமனி திடீரென இறுகிச் சுருங்குகிறது, கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுகிறது. மாடி ஏறும்போது வராமல், பெரும்பாலும் ஓய்வில், பின்னிரவில் வரும். 1959இல் பிரின்ஸ்மெட்டல் என்ற அமெரிக்க இதய டாக்டர் விவரித்த வலி இது.

அன்று பிடித்தது எனக்குப் பைத்தியம். ரத்தக் குழாயின் உட்புறம் முழுக்க ஒரே செல் கனத்தில் ஒரு படலம், எண்டோதீலியம். அதை வெறும் பூச்சு என்றே வெகுகாலம் நினைத்திருக்கிறார்கள். 1980இல் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டினார்: முயலின் ரத்தக் குழாய்த் துண்டில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டால் அது தளர்கிறது, படலத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால் தளர்வதே இல்லை. அப்படியானால் குழாய்ச் சுவரின் தசைக்குத் 'தளர்ந்துகொள்' என்று சொல்வது இந்தப் படலம்தானே! சொல்லி அனுப்புவது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. (முரளியின் வாயு வேறு.) இதைக் கண்டுபிடித்ததற்கு 1998இல் நோபல் பரிசே கிடைத்தது.

முரளிக்குச் செய்த சோதனையிலும் அதே அசிட்டைல்கோலின்தான். விரிய வேண்டிய தமனி இறுகியது, அதே வலி வந்தது. நைட்ரோகிளிசரின் கொடுத்ததும் விட்டது. படலம் கொடுக்கத் தவறிய நைட்ரிக் ஆக்சைடை மருந்து கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் பழி முழுவதையும் படலத்தின் மேல் போட எனக்கு மனமில்லை. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் தசையே அளவுக்கு மீறி இறுகுகிறது, ரோ-கைனேஸ் என்ற நொதி அதைத் தூண்டுகிறது என்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படுகிறது. புகைப்பவர்களுக்குப் படலம் கெடுகிறது, ஆனாலும் எல்லாருக்குமா இப்படி இறுகுகிறது?

புகை என்றதும் முகத்தைத் திருப்பாதே. இந்த நோயைத் தூண்டுவதில் முக்கியமானது அதுதான். முரளி விட்டுவிட்டான், தசை இறுகாமலிருக்க, கால்சியம் செல்லுக்குள் நுழையும் வழியை (கால்சியம் சேனல்) தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறான்.

டேய், உன் கடிதத்தின் ஓரத்தில் 'விடிகாலையில் நெஞ்சைப் பிடிக்கிறது' என்று கிறுக்கியிருந்தாயே, அதற்காகத்தான் இவ்வளவும். வலி இல்லாத நேரத்து ஈசிஜியை நம்பி உட்கார்ந்துவிடாதே, அது சரியாகவே இருக்கலாம். மறுபடி பிடித்தால் அப்போதே கிளம்பு, வலியோடு ஈசிஜி எடுக்கச் சொல். இந்த வாரமே ஒரு இதய டாக்டரைப் பார்த்துவிட்டு எழுது.

உன்,
ரகு