நம்ம தெரு நர்ஸ் அக்காவுக்கு உதவி

எல்லோருக்கும் வணக்கம். வீடு வீடாக வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அரசுத் திட்டத்து அக்கா, போன வாரம் பணிக்கு வரும் வழியில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி பில்லுக்குப் பயமில்லை. முதல் இரண்டு நாள் செலவு, சாலை விபத்துக்கான அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் போய்விட்டது, மீதிக்கு முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. இடிப்பது அதற்கு வெளியே உள்ள செலவுதான்: வாக்கர், வீட்டுக்கு வரும் பிசியோதெரபி, ஒவ்வொரு செக்கப்புக்கும் ஆட்டோ, அப்புறம் முக்கியமாக வீட்டு வாடகை, ஏனென்றால் அவர் வாங்குவது மாதச் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை, நம் எல்லோர் உடம்பையும் பார்த்தவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

குழுவில் யாரும் பணம் வசூலிக்கவில்லை. அவர் கணவரின் ஜிபே எண்ணைத் தனியாகக் கேளுங்கள், அனுப்புகிறேன். நூறு ரூபாயும் உதவிதான். வீட்டில் சும்மா கிடக்கும் வாக்கர் இருந்தால் இன்றே சொல்லுங்கள். ஆஸ்பத்திரி போட்டோ கேட்காதீர்கள், வேறு குழுக்களுக்கு இதை ஃபார்வர்டு செய்யவும் வேண்டாம்.