கரையை வாங்க வேண்டாம், மீனை வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முல்லைத்தீவுக் கரையோரத்தில் வந்து முதலிடுங்கள் என்று புலம்பெயர்ந்தவர்களை அழைக்கும் பேச்சுகளும் செய்திகளும் இப்போது அடிக்கடி வருகின்றன. அப்படி வந்து இங்கேயே குடியிருந்து தொழில் நடத்துகிற ஒருத்தி என்ற முறையில் எழுதுகிறேன். கொக்கிளாய் வீதியில் உள்ள அளம்பில் என் தாயாரின் ஊர். அங்கே கருவாடு போடும் சிறிய வாடி ஒன்றை நடத்துகிறேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஊர்ப் பெண்கள், பாதிப் பேர் குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறவர்கள். வெளிநாட்டிலிருந்து வர விரும்புகிறவர்கள் கட்டாயம் வரவேண்டும் என்பதுதான் என் விருப்பம். ஆனால் கடற்கரைக் காணியில் கண் வைத்து வரக்கூடாது. கரைக்கு வரும் மீனை நியாயமான விலைக்கு வாங்க வரவேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் நான் நோர்வே போனேன். வடக்கே பின்மார்க் மாகாணத்தில் பாட்ஸ்ஃபியூர் என்ற மீன்பிடி ஊர். கார்த்திகைக் கடைசியில் மறையும் சூரியன் தை நடுப்பகுதிக்குப் பிறகுதான் முகம் காட்டும். ஊர்ப் பிள்ளைகள் பலர் வேலை தேடித் தெற்கே போய்விட, மீன் வெட்டும் தொழிற்சாலைகளில் ஆள் தட்டுப்பாடு. அந்த இடத்தை நிரப்பியவர்களில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். பனியில் நின்று மீன் வெட்டினோம், பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், பிறகு பெரும்பாலானோர் ஒஸ்லோப் பக்கம் இறங்கிவிட்டோம். ஊரில் இருந்தபோது கடலைத் தெரியும். மீன் வியாபாரம் எப்படி நடக்கலாம் என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

அதை விரிவாகச் சொல்ல வேண்டும். வட நோர்வேயிலும் ஒருகாலத்தில் மீனவர்கள் கடைக்காரரிடமும் மீன் முதலாளியிடமும் கடன்பட்டுக் கிடந்தார்கள். முதலாளி சொன்னதுதான் விலை. 1938 இல் மீனவர்கள் தங்களுக்கென்று நோர்கெஸ் றோஃபிஸ்க்லாக் என்ற விற்பனைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அரசு அதற்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்தது. இன்றும் அந்தக் கரைகளில் மீனின் முதல் விற்பனை அந்தச் சங்கத்தின் ஊடாகத்தான். வாங்குகிறவர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். சங்கம் அறிவிக்கும் குறைந்தபட்ச விலைக்குக் கீழே வாங்க முடியாது. இதனால் வாங்குகிறவர்கள் அழிந்து போய்விடவில்லை. நான் சம்பளம் வாங்கிய தொழிற்சாலையும் அந்த விலையைக் கொடுத்துத்தான் மீன் எடுத்தது.

நம் கரையில் நடப்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். ஃபைபர் படகுக்கு எஞ்சின் வேண்டும், வலை வேண்டும். வங்கி இலகுவில் கடன் தராது, முதலாளி முற்பணம் தருவார். தந்த நாளிலிருந்து அந்தப் படகின் மீன் அவருக்குத்தான், அவர் சொல்லும் விலைக்குத்தான். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அப்போது எரிபொருளுக்கும் முற்பணம் வாங்கியவர்கள் இன்னும் அதைக் கட்டி முடிக்கவில்லை. கொழும்புக்கு அருகே பேலியகொடைச் சந்தையில் அறக்குளா மீன் என்ன விலை போகிறது என்று இப்போது போனிலேயே பார்த்துவிடலாம். பார்த்து என்ன பயன்? முற்பணம் வாங்கிய கை வேறு ஆளுக்கு மீனைக் கொடுக்க முடியாது. ஐஸ் இல்லாத கரையில் பேரம் பேசவும் நேரம் இருக்காது. எங்கள் வெயிலில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். இல்லாவிட்டால் விடியற்காலையில் இறங்கும் மீன் மதியத்துக்குள் தரம் இழந்துவிடும்.

ஆகவே வெளிநாட்டிலிருந்து வருகிறவரின் பணத்துக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது. ஐஸ் தொழிற்சாலை போடுங்கள். மீனைக் குளிரில் வைக்கும் அறை கட்டுங்கள். முற்பணம் கொடுக்கிறீர்களா, சரி, கொடுங்கள். அதைப் பணமாகத் திருப்பி வாங்குங்கள், மீனின் விலையில் வெட்டி எடுக்காதீர்கள். கருவாட்டை மணலில் பரப்பாமல் உயரத்தில் தட்டி கட்டி வலையால் மூடிக் காயவைத்தாலே விலை மாறும். பாட்ஸ்ஃபியூரில் மரச் சட்டங்களில் மீனைத் தூக்கிக் காயவைப்பதைப் பார்த்துத்தான் என் வாடியிலும் அப்படிச் செய்தேன். மணல் ஒட்டாத கட்டாக் கருவாட்டுக்கும் திருக்கைக் கருவாட்டுக்கும் வியாபாரி குறை சொல்ல முடிவதில்லை.

ஆனால் பலர் வருவது வேறு எண்ணத்தோடு. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கோ, ஆடி ஆவணி விடுமுறைக்கோ வருகிறார்கள். கடல் அப்போது அமைதி. வெள்ளை மணல், மாலைக் காற்று, படகில் பிள்ளைகளுக்கு ஒரு சுற்று. கரையோரமாக ஒரு விடுதி கட்டலாம் என்ற ஆசை அங்கே பிறக்கிறது. அதே கரையைக் கார்த்திகை, மார்கழியில் வந்து பாருங்கள். வாடைக்காற்றில் படகு இறக்க முடியாது, மழையில் வட்டுவாகல் பக்கம் வெள்ளம், வீட்டில் வருமானம் இல்லை. ஊரில் அடகும் கடனும் அந்த மாதங்களில்தான் ஏறும். அந்த மாதங்களிலும் இங்கே இருந்து சம்பளம் கொடுக்கிறவர்தான் இந்த ஊரில் தொழில் நடத்துகிறவர். ஆடியில் திறந்து ஐப்பசியில் பூட்டிவிட்டுப் பறப்பவரால் ஊருக்கு மிஞ்சுவது ஒரு காவலாளி வேலை மட்டுமே.

விடுதி கட்டுகிறவர் முதலில் செய்வது வேலி போடுவது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வேலியால் கடலுக்கு இறங்கும் பழைய பாதை அடைபட்டது. வலையும் எஞ்சினும் தூக்கிக்கொண்டு ஆட்கள் சுற்றிப் போக வேண்டியிருந்தது. கரைவலைப் பாட்டுக்கு, அதாவது கரையில் நின்று வலை இழுக்கும் இடத்துக்கு, நீண்ட திறந்த கரை தேவை. வலையின் இரண்டு கயிறும் தொலைவில் தொலைவில் கரையேறும், இருபக்கத்தாரும் இழுத்துக்கொண்டே ஒருவரை ஒருவர் நெருங்கி வருவார்கள். நடுவில் ஒரு மதில் வந்தால் அந்தப் பாடு செத்துப்போகும். உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்று 1981 ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அதற்குள் கட்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதி கொடுக்கும்போது அந்தக் கரையில் யாருடைய பாடு இருக்கிறது என்று கடற்றொழிலாளர் சங்கத்தைக் கேட்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. சுனாமியிலும் யுத்தத்திலும் எல்லாவற்றையும் இழந்த மக்களிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கரை ஒன்றுதான். அதையும் விலை பேசுவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

காணி விடயத்தில் இன்னொன்று. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இங்கே காணியைச் சொந்தமாக வாங்க முடியாது, குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. நோர்வே இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தது 2020 தை மாதத்திலிருந்துதான். அதன் பிறகுதான் என் போன்றவர்கள் அந்த நாட்டுக் கடவுச்சீட்டை இழக்காமல் இலங்கைக் குடியுரிமையைத் திரும்பப் பெற முடிந்தது. காத்திருக்க விரும்பாத சிலர் தம்பி பெயரிலும் மச்சான் பெயரிலும் வாங்குகிறார்கள். வன்னியில் பெரும்பகுதி பேமிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. கடைசியில் உறவும் போய், காணியும் போய், வழக்கு மட்டும் மிஞ்சுகிறது. எனது வாடி நிற்பது குத்தகை நிலத்தில், வீதிக்கு மேற்கே. கருவாடு காய வெயிலும் காற்றும் போதும், அலையைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கடற்றொழில் திணைக்களத்திடமும், கடற்றொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பான மாவட்ட சமாசத்திடமும் நான் கேட்பது இது. பங்குனியில் பருவம் தொடங்குவதற்கு முன், சங்கங்களையும் மீன் வாங்கும் எங்களையும் ஒரே மேசையில் இருத்துங்கள். முக்கியமான சில மீன்களுக்காவது கரையில் ஒரு குறைந்தபட்ச விலையைப் பேசி முடித்து, ஒவ்வொரு இறங்குதுறையிலும் பலகையில் எழுதி வையுங்கள். அதை ஏற்று வாங்கச் சம்மதிக்கும் வெளிநாட்டுக்காரருக்கு வீதியோரத்தில் அரச காணியைக் குத்தகைக்குக் கொடுங்கள், ஐஸ் போட மின்சார இணைப்பைத் தாமதமில்லாமல் கொடுங்கள். அந்த விலையில் வாங்க நான் தயார். எப்போது, எங்கே கூடுவது என்று அறிவித்தால் என் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கருவாட்டு வாடி நடத்தும் வாசகி,
அளம்பில், முல்லைத்தீவு