குழிய மூடுறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம்

கம்பம் பள்ளத்தாக்குல குடிதண்ணி வேலை எடுக்குற காண்ட்ராக்டர் அண்ணன்மாருக்கும், அளவெடுக்க வர்ற என்ஜினீயர் சார், மேடத்துக்கும், பஞ்சாயத்து ஆபீசுல இருக்கவங்களுக்கும், கூடலூர் பக்கத்து ஊருல பைப் வேலை பாக்குறவன் எழுதுறது. பைப்பும் வால்வும் எங்க போட்டீங்கன்னு குழிய மூடுறதுக்கு முன்னாடி எழுதி வைங்கன்னு கேக்கத்தான் எழுதுறேன். சண்டைக்கு எழுதலண்ணே, முழுசா படிச்சுட்டு திட்டுங்க.

போன சித்திரை, வீரபாண்டி திருவிழா சமயம், வீட்டுக்கு வீடு விருந்தாளி, அந்த நேரம் பாத்து எங்க மேலத்தெருவுல பைப் ஒடஞ்சு ரோடு பூரா தண்ணி. வால்வ அடச்சா முடிஞ்ச வேலை. ஆனா வால்வு எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல! பழைய டேங்க் ஆபரேட்டர் மாமா இருந்த வரைக்கும் அவருதான் மேப்பு, "வேப்பமரத்துலருந்து ஏழு தப்படி வடக்க"ம்பாரு, கண்ண மூடிக்கிட்டு போயி கைய வைப்பாரு. மாமா போய்ச் சேந்துட்டாரு, மரத்த வெட்டியாச்சு, மேல பேவர் பிளாக்கும் பதிச்சாச்சு. மூணு எடத்துல நோண்டி, ரெண்டு நாள் ஊரே கொடத்தத் தூக்கிட்டு அலஞ்சு, கடைசில பால்வாடி செவத்த ஒட்டி ரெண்டடி ஆழத்துல கெடந்துச்சு. அந்த ரெண்டு நாளும் பேச்சு வாங்குனது நானு, போட்டவுங்க இல்ல.

ஆபீசுல போயி கேட்டேன். பேப்பரே இல்லன்னு சொல்ல மாட்டேன், எம்-புக்கு, அதான் வேலைய அளந்து எழுதுற நோட்டு, இருக்கு, எத்தன மீட்டர் குழி, எத்தன மீட்டர் பைப், எத்தன வால்வுன்னு சுத்தமா எழுதி கையெழுத்தெல்லாம் இருக்கு. ஆனா அது காசு குடுக்குறதுக்கு எழுதுன கணக்குண்ணே. நாலு வால்வுன்னு இருக்கே ஒழிய அந்த நாலும் எங்கன்னு ஒரு வரி கெடையாது. டெண்டரோட வந்த படம் ஒண்ணு இருந்துச்சு, அதுல லைன் தெருவுக்குத் தென்பக்கம் போகுது, நாங்க நோண்டிப் பாத்தா வடக்க போகுது. பாறை தட்டிருக்கும், அந்தப் பக்கம் மாத்திருப்பாங்க, அது தப்பே இல்ல. மாத்துனத படத்துலயும் மாத்தி ஒரு காப்பி ஆபரேட்டர் கையில குடுத்திருந்தா போதும். ஃபைனல் பில் பாஸ் ஆனதும் வேலை முடிஞ்சதுன்னு நீங்க நெனைக்கிறீங்க, எங்களுக்கு அன்னைக்குதான் வேலையே ஆரம்பிக்குது.

இத நான் படிச்சு தெரிஞ்சுக்கல. சின்ன வயசுல ஜீப்புல கம்பமெட்டு ஏறி கேரளாவுல வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனேன், ஸ்பிரிங்ளர் லைன் போடுற வேலை. அங்க கணக்கெழுதுற சேட்டன் ஒருத்தரு, சனிக்கெழம சம்பளம் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு நோட்ட விரிச்சு வச்சுக்கிட்டு "எழுதியோ?"ம்பாரு. எந்த மரத்தடியில லைன் பிரியுற டீ ஜாயிண்டு போட்டோம், எங்க மத்த ஜாயிண்டு, எது ஒழுகி ரெண்டாவது தடவ மாத்துனது, எல்லாத்தையும் சொல்லணும், சொன்னாதான் காசு. அப்ப எரிச்சலா வரும், கடைசி ஜீப்பு போயிருமேன்னு. இப்ப அந்த மனுசன நெனச்சா கையெடுத்து கும்புடத் தோணுது.

பெரிய வேலைக்கும் இதே கததான். நம்ம வயலுக்கு தண்ணி குடுக்குற பெரியாறு அணை 1895ல முடிஞ்சது. பென்னிகுவிக் பேரு இங்க பச்சப்புள்ளைக்கும் தெரியும், பொங்கல் வச்சு கும்புடுறோம். ஆனா மெக்கன்சின்னு ஒரு என்ஜினீயர் அந்த வேலையோட கதைய முழு புஸ்தகமா எழுதி 1899ல வெளிவந்துச்சே, அவரு பேரு எத்தன பேருக்குத் தெரியும்? கட்டுனவருக்கு செல இருக்கு, எழுதி வச்சவருக்கு ஒண்ணும் இல்ல, போகட்டும். அந்த அணைக்காக 1886ல திருவிதாங்கூரோட போட்ட குத்தகப் பத்திரத்த வச்சு நூறு வருசம் கழிச்சும் சுப்ரீம் கோர்ட்டுல வாதாடிருக்காங்கன்னா பேப்பருக்கு எம்புட்டு ஆயுசுன்னு பாத்துக்கோங்க.

நான் கேக்குறது புஸ்தகம் இல்ல சாமி, ஒரு தாளு.

வால்வுக்கு ஒரு அளவு மட்டும் எழுதாதீங்க, ரெண்டு எழுதுங்க. கோயில் படிக்கட்டு மூலையிலருந்து இத்தன மீட்டர், பள்ளிக்கூடத்து செவுரு மூலையிலருந்து இத்தன மீட்டர்னு இருந்தா, ரெண்டு டேப்பையும் இழுத்து சேர்ற எடத்துல கடப்பாறய போட்டா நேரா வால்வுதான். மரத்தையும் கரண்டு போஸ்ட்டையும் அடையாளமா வைக்காதீங்க, அது நம்மள விட சீக்கிரம் போயிருது. இப்ப எல்லாம் பிளாஸ்டிக் பைப், இரும்பு தேடுற மிஷினுக்கு மாட்டாது, முடிஞ்சா கூடவே ஒரு கம்பிய ஓட்டி விடுங்க, செலவு கம்மிதான். போர்ல மோட்டார் எறக்குனா எத்தன பைப் எறக்குனீங்க, எத்தன எச்பி, பம்புல எத்தன ஸ்டேஜு (அடுக்கு), எந்த தேதின்னு பேனல் பெட்டி கதவுக்கு உள்பக்கம் பெயிண்டுல எழுதுங்க. நோட்டு தொலஞ்சாலும் கதவு தொலயாது. அப்புறம் முக்கியமா, எங்க சொதப்புச்சுன்னும் எழுதுங்க. இந்த முக்குல பாறை, ஆழம் ஒரு அடிதான்னு தெரிஞ்சா நாளைக்கு ஜேசிபி விடுறவன் கொஞ்சம் பாத்து விடுவான். அத எழுதுனா பில்லுல புடிச்சுருவாங்கன்னு நீங்க பயப்படுறது எனக்குத் தெரியும், அதனாலதான் என்ஜினீயர் சாருக்கும் சேத்து எழுதுறேன், உண்மைய எழுதுனதுக்கு காச புடிக்காதீங்க சார்.

போட்டோ எடுக்குறோமேன்னு சொல்லுவீங்க. எடுக்குறீங்க, அது உங்க போன்ல இருக்கு, நீங்க டிரான்ஸ்பர்ல திண்டுக்கல் போயிட்டா போட்டோவும் திண்டுக்கல் போயிருது.

அடுத்த மாசம் எங்க கீழத்தெருவுல புது லைன் போடப் போறதா சொல்றாங்க. டேப்பும் நோட்டும் நான் கொண்டாரேன், எழுதுறதும் நானே எழுதுறேன், டீயும் நானே சொல்றேன். மண்ணத் தள்ளுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் மட்டும் போட்டுருங்கண்ணே.