விண்டோஸ் 7-ஐ மாற்றாமல் கணினியை மேம்படுத்தும் வேலையில் நேர்ந்த குறைபாடுகள்: புகார் கடிதம்

அனுப்புநர்:
நிர்வாகி, டிடிபி பிரிவு,
ஆஃப்செட் அச்சகம், சிவகாசி.

பெறுநர்:
சேவைப் பிரிவு மேலாளர்,
கணினி விற்பனை மற்றும் பழுதுபார்ப்பு நிறுவனம்.

பொருள்: ரேம், எஸ்எஸ்டி, பிராசஸர் மேம்பாட்டில் குறைபாடு, தேவையற்ற புது மதர்போர்டு எஸ்டிமேட்.

ஐயா,

எங்கள் டிடிபி (அச்சுக்கான பக்க வடிவமைப்பு) கணினியை ஒப்படைத்தபோது ஜாப் ஷீட்டின் முதல் வரியாக எழுதி, தங்கள் எஞ்சினியரும் கையெழுத்திட்ட நிபந்தனை இது: "இருக்கும் விண்டோஸ் 7 புரொஃபஷனல் 32-பிட் அப்படியே இருக்க வேண்டும். ஃபார்மட் கூடாது." பழைய தமிழ் எழுத்துரு மென்பொருளின் டாங்கிள் (அது இருந்தால்தான் மென்பொருள் திறக்கும்) பழைய பிரிண்டர் இணைப்பான பேரலல் போர்ட்டில் செருகப்பட்டிருக்கிறது. அதற்கு 32-பிட் டிரைவர் மட்டுமே உண்டு. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த காலண்டர், அழைப்பிதழ் கோப்புகள் எல்லாம் யுனிகோடுக்கு முந்தைய அந்த எழுத்துருக்களில்தான் இருக்கின்றன. இந்தக் காரணத்தையும் ஜாப் ஷீட்டில் எழுதியிருந்தோம்.

கணினி இப்போது திரும்பி வந்திருக்கிறது. கூடவே "போர்டு போய்விட்டது, ஓ.எஸ். கரப்ட்" என்று சொல்லி, புது போர்டு, 8-ம் தலைமுறை ஐ3, 64-பிட் விண்டோஸ் ஆகியவற்றுக்கு ஒரு எஸ்டிமேட்டும் வந்திருக்கிறது. போர்டும் போகவில்லை, ஓ.எஸ்.ஸும் கெடவில்லை. மூன்று பாகங்களையும் பொருத்திய முறைதான் தவறு.

முதலில் ரேம், அதாவது தற்காலிக நினைவகம். கணினியில் ஏற்கெனவே 2 ஜிபி வீதம் இரண்டு, ஆக 4 ஜிபி இருந்தது. 32-பிட் விண்டோஸ் 7-இன் உச்சவரம்பே 4 ஜிபிதான். அதிலும் ஒரு பங்கை ஆன்போர்டு கிராஃபிக்ஸும் மற்ற சாதனங்களின் முகவரிகளும் எடுத்துக்கொள்ளும். தாங்கள் விற்ற 16 ஜிபியைப் போட்ட பிறகும் சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் பயன்படுத்தக்கூடியது 3 ஜிபியும் சொச்சமும் என்றே காட்டுகிறது. முன்பும் அவ்வளவுதான் காட்டியது. 64-பிட் போட்டால் முழுதும் தெரியும் என்கிறார் எஞ்சினியர். தெரியும்தான். ஆனால் 32-பிட்டிலிருந்து 64-பிட்டுக்கு நேரடி அப்கிரேடு கிடையாது, புதிதாக நிறுவ வேண்டும், டாங்கிளும் செத்துவிடும். நிபந்தனையைப் படித்தவர் இந்த ரேமை விற்றிருக்கவே கூடாது.

அதற்கும் முன் போட்ட 8 ஜிபி ரேம் குச்சிகளில் டிஸ்ப்ளேயே வராமல் பீப் அடித்தது. அவை சந்தையில் மலிவாகக் கிடைக்கும் "ஏஎம்டி மட்டும்" வகை. அவற்றின் ஒவ்வொரு சிப்பும் 4-பிட் அகலம் கொண்டது. இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸரின் மெமரி கன்ட்ரோலர் 8 அல்லது 16-பிட் அகல சிப்புகளைத்தான் ஏற்கும். ஸ்லாட்டை எத்தனை முறை அழிரப்பரால் தேய்த்தாலும் அது ஓடாது.

அடுத்தது பிராசஸர். போர்டு எச்61 சிப்செட் கொண்டது, பிராசஸர் செருகும் சாக்கெட் 1155. அதில் ஐ3-2120 இருந்தது, ஐ5-3470 போடச் சொன்னோம். சாக்கெட் ஒன்றே என்றாலும் ஐ5-3470 ஐவி பிரிட்ஜ் தலைமுறையைச் சேர்ந்தது, 2012-இல் வந்தது. எங்கள் போர்டின் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் போர்டு மென்பொருள்) தேதியோ 2011. அந்த பயாஸுக்கு இந்தச் சிப் இன்னதென்றே தெரியாது, அதனால்தான் திரை கறுப்பாகவே நின்றது. பழைய ஐ3-ஐத் திரும்பப் போட்டதும் டிஸ்ப்ளே வந்தது என்று தங்கள் ஜாப் ஷீட்டே சொல்கிறது. பிறகு போர்டு போனது எப்படி?

செய்ய வேண்டிய வரிசை இதுதான். போர்டு தயாரிப்பாளரின் சிபியு பட்டியலில் 3470-க்கு எந்த பயாஸ் பதிப்பு தேவை என்று பார்க்க வேண்டும். ஐ3 செருகியிருக்கும்போதே, யுபிஎஸ் இணைப்பில் வைத்து, எஃப்ஏடி32 பென் டிரைவிலிருந்து அந்தப் பதிப்பை ஏற்ற வேண்டும். அதன் பிறகுதான் பிராசஸரை மாற்றலாம். பயாஸ் ஏற்றியதும் அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும் என்பதால், சேட்டா மோடையும் (டிஸ்க் இணைப்பு இயங்கும் முறை) பேரலல் போர்ட்டின் மோடு, 378 என்ற முகவரி ஆகியவற்றையும் முன்பே குறித்துவைத்து அப்படியே திரும்ப அமைக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று விண்டோஸ் ஏறாது, அல்லது டாங்கிள் தெரியாது. இந்த மாற்றத்தால் விண்டோஸுக்கு வரும் வேலை ஒரு ரீஸ்டார்ட்டும் புதிய கிராஃபிக்ஸ் டிரைவரும்தான். அதற்கு 32-பிட் டிரைவர் இருக்கிறது.

பெரிய குழப்பம் எஸ்எஸ்டியில், அதாவது ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போட்ட வேகமான புது டிஸ்கில். பழைய ஹார்டு டிஸ்கை அதில் குளோன் (அப்படியே நகல்) செய்தபோது சி பார்ட்டிஷனை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். விண்டோஸ் 7-இன் பூட் கோப்புகள் இருப்பது அதற்கு முன்னாலுள்ள 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனில். அது பழைய ஹார்டு டிஸ்கிலேயே தங்கிவிட்டது. அதனால் ஹார்டு டிஸ்கைக் கழற்றினால் எஸ்எஸ்டி பூட் ஆவதில்லை. என்றைக்கு அந்தப் பழைய டிஸ்க் நிற்கிறதோ அன்றைக்குக் கணினியும் நிற்கும். புது டிஸ்க் வாங்கியதற்கு என்ன பொருள்?

அடுத்து, பயாஸில் சேட்டா மோடை பழைய முறையான ஐடிஇ-யிலிருந்து புதிய முறையான ஏஎச்சிஐ-க்கு மாற்றியதும் நீலத்திரையில் 7பி பிழை வந்திருக்கிறது. அதைத்தான் "ஓ.எஸ். கரப்ட்" என்று எழுதிவிட்டார்கள். ஐடிஇ மோடில் நிறுவிய விண்டோஸ் 7, ஏஎச்சிஐ டிரைவரைத் தொடக்கத்திலேயே ஏற்றுவதில்லை. பூட் டிஸ்க் கண்ணுக்குத் தெரியாமல் நின்றுவிடுகிறது. மோடை மாற்றும் முன் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ் கிளையிலுள்ள எம்எஸ்ஏஎச்சிஐ சாவியில் ஸ்டார்ட் மதிப்பை 3-இலிருந்து 0 ஆக்கி, அணைத்து, பிறகு பயாஸில் மாற்றினால் போதும். முன்பே மாற்றிவிட்டிருந்தால் மீண்டும் ஐடிஇ-க்குப் போய் இதைச் செய்யலாம். ஃபார்மட் என்ற பேச்சே எழ வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, பில்லைப் பார்த்தால் தெரியாது. எஸ்எஸ்டியில் சி பார்ட்டிஷனின் தொடக்க இடம் 32256 பைட் என்று வருகிறது, அதாவது 63-வது செக்டார். 4096-ஆல் மீதியின்றி வகுபடாத எண். ஒவ்வொரு 4 கேபி எழுத்தும் எஸ்எஸ்டியின் இரண்டு பக்கங்களை (தரவு எழுதும் கட்டங்களை) தொட நேர்வதால் வேகமும் குறையும், எஸ்எஸ்டியின் ஆயுளும் குறையும். விண்டோஸ் 7 தானாகப் பிரித்த டிஸ்கில் முதல் பார்ட்டிஷன் 1048576-இல் தொடங்கும். மிகப் பழைய குளோன் மென்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்றே கருதுகிறோம். எச்61-இல் சேட்டா வேகம் விநாடிக்கு 3 ஜிகாபிட்தான், பெட்டியில் அச்சிட்ட விநாடிக்கு 550 எம்பி வராது என்பது எங்களுக்குத் தெரியும். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

எஸ்டிமேட்டிலுள்ள 8-ம் தலைமுறை பற்றி ஒரு வார்த்தை. 7-ம் தலைமுறையிலிருந்தே இன்டெலும் மைக்ரோசாஃப்டும் விண்டோஸ் 7-ஐ ஆதரிக்கவில்லை. எங்கள் விண்டோஸ் உரிமம் ஓஇஎம் வகை (கணினியோடு சேர்ந்து வருவது), இந்த போர்டோடு கட்டுப்பட்டது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டதே என்று சொல்லலாம். இந்தக் கணினியில் இணைய இணைப்பே இல்லை.

ஆகவே கூடுதல் கட்டணமின்றி இவற்றைச் செய்து தர வேண்டுகிறோம். 16 ஜிபி ரேமைத் திரும்பப் பெற்று முழுத் தொகையையும் தந்து, எங்கள் பழைய 2 ஜிபி குச்சிகள் இரண்டையும் திரும்பப் பொருத்துங்கள். மேலே சொன்ன வரிசையில் பயாஸை ஏற்றி ஐ5-3470-ஐப் பொருத்துங்கள். சிபியு பட்டியலில் எங்கள் போர்டுக்கு அது இல்லையென்றால் பிராசஸரின் பணத்தைத் தாருங்கள். எஸ்எஸ்டியில் முழு டிஸ்கையும், சிஸ்டம் ரிசர்வ்டு உட்பட, சரியான தொடக்க இடத்தோடு மறுபடி குளோன் செய்யுங்கள். முதல் பூட்டில் பழைய டிஸ்கைக் கழற்றி வையுங்கள். இரண்டு டிஸ்குக்கும் ஒரே சிக்னேச்சர் (அடையாள எண்) இருந்தால் டிரைவ் எழுத்துகள் மாறி மறுபடி குழப்பம் வரும். பழைய ஹார்டு டிஸ்கில் எதையும் எழுதாமல் தனியே தர வேண்டும். டாங்கிளைச் செருகி எழுத்துரு மென்பொருள் திறப்பதை எங்கள் முன்னிலையில் காட்டிய பிறகே டெலிவரி எடுத்துக்கொள்வோம்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்து, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோம். இது சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் சிறு அச்சகம் என்பதால் நுகர்வோர் சட்டத்தில் உள்ள வணிக நோக்கம் என்ற விலக்கு இங்கே பொருந்தாது. ஜாப் ஷீட், பில், எஸ்டிமேட் ஆகியவற்றின் நகல்களும், ரேம் அளவையும் பார்ட்டிஷன் தொடக்க இடத்தையும் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுகளும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
நிர்வாகி, டிடிபி பிரிவு